வேலையோடு எம்.எஸ்சி.: பெங்களூரிலிருந்து சேரக்கூடிய படிப்புகளில் எது தேறும்?

எம்.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ என்றால் தைரியமாக ஆன்லைனில் சேரலாம். இயற்பியல் என்றால் ஆய்வகம் எந்த ஊரில், எத்தனை நாள் என்று கேட்டுவிட்டுச் சேரலாம். வேதியியலை வீட்டிலிருந்தபடியே முழுக்க முடித்துவிடலாம் என்று யாராவது போனில் ஆசை காட்டினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை பார்ப்பவர், ஜிகனியிலோ பொம்மசந்திராவிலோ மருந்துக் கம்பெனி க்யூ.சி. (தரக் கட்டுப்பாட்டு) லேபில் பி.எஸ்சி.யோடு நிற்பவர், ஓசூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் ஆசிரியை, இவர்கள் மூவரும் தேடுவது ஒரே பட்டம் போலத் தெரியும். முதலாமவருக்கு அது வேலை மாறுவதற்கு. அடுத்தவருக்குப் பதவி உயர்வுக்கு. ஆசிரியைக்கோ தமிழ்நாட்டு டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) விண்ணப்பத்தில் அது செல்லுபடியாக வேண்டும். சான்றிதழைச் சரிபார்க்கப் போகிற ஆள் மூன்று இடத்திலும் வேறு வேறு. அவர் எதை ஏற்பார், எதைத் திருப்பி அனுப்புவார் என்பதை வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறோம். வீடியோ எவ்வளவு தெளிவு, ஆப் எவ்வளவு அழகு என்பதெல்லாம் அதற்கப்புறம்.

அங்கீகாரம்: பெயரைப் பார்த்து நம்பக்கூடாது

பெரிய பல்கலைக்கழகம், பழைய பல்கலைக்கழகம் என்பது மட்டும் போதாது. மைசூரில் இருக்கும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாநில அரசே நடத்துவது. அதன் படிப்புகளுக்கு 2012-13க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2015இல் அறிவித்தது. மறுபடி கிடைத்தது 2018இல்தான். நம் ஊரில் கரஸ் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் விஷயத்திலும், அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அனுமதி இருந்தது என்று யுஜிசி 2022 மார்ச்சில் பொது அறிவிப்பு கொடுத்தது. இரண்டு இடத்திலும் சிக்கியவர்கள் ஏமாளிகள் இல்லை. அரசுப் பல்கலைக்கழகம்தானே என்று நம்பிப் பணம் கட்டியவர்கள். அனுமதி என்பது பல்கலைக்கழகத்துக்கு நிரந்தரமாகக் கிடைப்பதில்லை. எந்தப் படிப்பு, எந்த முறை, எந்தப் பருவம் என்று தனித்தனியாகக் கிடைப்பது. அண்ணன் அதே இடத்தில் படித்துத்தான் வேலைக்குப் போனார் என்பது இந்த வருஷ சேர்க்கைக்கு ஆதாரமாகாது.

பார்ப்பதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு டெப் என்று பெயர். அதற்கென்று தனி இணையதளம் உண்டு. அதில் கல்வியாண்டையும் பருவத்தையும் தேர்ந்தெடுங்கள். ஜூலை-ஆகஸ்ட், ஜனவரி-பிப்ரவரி என்று இரண்டு பருவம். அடுத்து முறை: தொலைதூரம் தனி, ஆன்லைன் தனி. ஒரே பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ்சி. கணிதம் தொலைதூரத்தில் அனுமதி இருந்து ஆன்லைனில் இல்லாமல் போகலாம். படிப்பின் பெயர் நீங்கள் சேரப்போகும் பெயரோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தேதி தெரியும்படி அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப்ஆக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருஷங்கள் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் அது கை கொடுக்கும்.

பெங்களூரில் இருப்பவர்கள் தவறவிடுகிற ஒரு விஷயம் எல்லைக் கட்டுப்பாடு. மாநிலப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தன் மாநிலத்துக்குள்தான் நடத்த முடியும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ என்று சிவாஜிநகரிலோ கே.ஆர். புரத்திலோ பலகை மாட்டியிருந்தால் நம்ப வேண்டாம். நேரடியாகப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்து, வகுப்புக்கும் தேர்வுக்கும் தமிழ்நாட்டு மையத்துக்குப் போய்வருவது வேறு விஷயம். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அது பெரிய பாடில்லை. ஆன்லைன் முறைக்கு இந்த எல்லை கிடையாது. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் அதற்கும் கிடையாது.

முறையான அனுமதி இருந்தால் ஆன்லைன் பட்டமும் தொலைதூரப் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதே சமயம், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம், உணவு மற்றும் ஊட்டச்சத்து போன்றவற்றை இந்த இரண்டு முறையிலும் நடத்தக்கூடாது என்று தடையும் போட்டிருக்கிறது. எம்.எஸ்சி. சைக்காலஜி ஆன்லைனில் சேரலாம் என்ற பழைய விளம்பரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. புதிதாகச் சேர்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இனிஷியல் தொல்லை

2024 செப்டம்பர் சேர்க்கையிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் டெப் ஐடி கட்டாயம். அதற்கு முன்னால் ஏபிசி எனப்படும் கல்வி வரவு வங்கிக் கணக்கு வேண்டும்; அதை டிஜிலாக்கரில் ஆதாரை வைத்துத் திறக்க வேண்டும். தமிழர்களுக்கு இங்கேதான் இடிக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘கார்த்திக் எஸ்’, ஆதாரில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகி ‘கார்த்திக் சுப்பிரமணியன்’. கர்நாடக முகவரிக்கு ஆதாரை மாற்றும்போது பெயரும் விரிந்துவிட்டவர்கள் உண்டு. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் விண்ணப்பம் பாதியில் நிற்கும். நிற்காமல் போனாலும் பட்டத்தில் எந்தப் பெயர் அச்சாகும் என்பது உங்கள் கையில் இருக்காது. சேர்க்கை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஆதாரை மார்க் ஷீட்டில் இருக்கிறபடி திருத்திவிடுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்தக் கிளம்பாதீர்கள், அது நெடும் பயணம்.

இக்னோ எம்.எஸ்சி.

இயற்பியல், வேதியியல், பயன்பாட்டுப் புள்ளியியல், சுற்றுச்சூழல் அறிவியல் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் நடைமுறைப் பாடம் உள்ளவை தொலைதூர முறை. ஆன்லைன் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப்போகிறார்கள். எங்கள் பார்வையில், சம்பளம் குறைவாக உள்ளவர்களுக்கும் பிஎச்.டி. எண்ணம் உள்ளவர்களுக்கும் இதுதான் இருப்பதிலேயே நேர்மையான படிப்பு. பாடப் புத்தகங்கள் தரமானவை. தானே படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டவை. இக்னோவின் இ-ஞான்கோஷ் (eGyanKosh) தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அதனால் சேர்வதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். இயற்பியல் என்றால் குவாண்டம் இயக்கவியல் தொகுதி ஒன்றை இறக்கி, ஒரு வார இறுதியில் முதல் இரண்டு அலகுகளைப் படியுங்கள். பிறகு பழைய பருவத் தேர்வு வினாத்தாள் ஒன்றை எடுத்து, அந்த அலகுகளில் வரும் கேள்விகளைப் புத்தகத்தைத் திறக்காமல் எழுதிப் பாருங்கள். கருத்து புரிகிறது, ஆனால் தொகையிடலிலும் வகைக்கெழுச் சமன்பாட்டிலும் நின்றுவிடுகிறது என்றால் பழுது இயற்பியலில் இல்லை, பி.எஸ்சி. கணிதம் துருப்பிடித்திருக்கிறது. இரண்டு மாதம் அதைச் சீர் செய்துவிட்டு அடுத்த பருவத்தில் சேருங்கள். இந்த இயற்பியல் எம்.எஸ்சி.யில் அப்படிப்பட்டவர்கள் தடுக்கி விழக்கூடிய இடம் கணித முறைகள் தாள்.

நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 80 க்ரெடிட். இக்னோ கணக்கில் ஒரு க்ரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆக 2,400 மணி. இரண்டே வருஷத்தில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு 23 மணி நேரம். சில்க் போர்டு வழியாக வேலைக்குப் போய்வருபவரால் இது ஆகிற காரியமா என்று அவரே முடிவு செய்யட்டும். நான்கு வருஷம் வரை அவகாசம் உண்டு. அப்படியானால் வாரம் பதினொன்றரை மணி. இதைத்தான் திட்டமாக வைத்துக்கொள்ளச் சொல்வோம். ஞாயிறு முழுதும், வார நாளில் இரண்டு இரவும் ஒதுக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஆய்வக வகுப்புகள் குறிப்பிட்ட மையங்களில் தொடர்ச்சியாக நடக்கும், வருகை கட்டாயம். விண்ணப்பத்தில் படிப்பு மையம் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் பாடத்துக்கு அங்கே ஆய்வகம் நடக்கிறதா என்று பெங்களூரு மண்டல மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்று ஒரு மையத்தைப் போட்டுவிட்டு, லேபுக்கு வேறு ஊருக்குப் போகச் சொன்னால் தொடர்ந்து லீவு கிடைக்காமல் ஒரு வருஷம் போய்விடும். க்யூ.சி. லேபில் இருக்கும் வேதியியல்காரர்களுக்கு ஷிப்ட் வேறு. மேலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது.

சறுக்குகிற இடங்கள் மூன்று. அசைன்மெண்ட் வினாக்கள் மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷத்துத் தாளுக்கு விடை எழுதி அனுப்பினால் செல்லாது. அசைன்மெண்ட் கொடுத்துவிட்டோம், இனி ஹால் டிக்கெட் வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கக்கூடாது. ஜூன், டிசம்பர் தேர்வுகளுக்குத் தனியாக விண்ணப்பித்துத் தனியாக ஃபீஸ் கட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டுக்கு மறுபதிவும் நீங்களே செய்ய வேண்டியது, யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

மதிப்பெண் விஷயம் இன்னும் முக்கியம். அசைன்மெண்டுக்கு 30 சதவீதம், பருவத் தேர்வுக்கு 70. தேர்ச்சிக்கு 40 போதும். ஆனால் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் பொதுப்பிரிவினருக்கு முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. நாற்பத்தைந்தில் தப்பித்து எம்.எஸ்சி. முடித்தவருக்கு அந்தக் கதவுகள் திறக்காது. தேர்ச்சி பெற்ற தாளை மதிப்பெண்ணுக்காக மறுபடி எழுதும் வழி உண்டா, எந்தத் தாள்களுக்கு, எத்தனை காலத்துக்குள் என்பதை விளக்கக் கையேட்டில் முதலிலேயே படித்துவிடுங்கள்.

டி.ஆர்.பி. நோக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இக்னோவின் கணித எம்.எஸ்சி.யின் முழுப் பெயரில் கணினி அறிவியல் பயன்பாடுகள் என்ற வாலும் உண்டு. இப்படிப் பெயர் மாறும் பட்டங்களுக்கு, வழக்கமான எம்.எஸ்சி.க்குச் சமம் என்று சொல்லும் தமிழ்நாடு அரசின் சமநிலை ஆணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன் பாருங்கள். இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் வாதாட வேண்டியிருக்கும்.

என்பிடெல்: பட்டம் கிடையாது, ஆனாலும் விட்டுவிடாதீர்கள்

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல்லில் 2014 முதல் சான்றிதழ்த் தேர்வு உண்டு. ஜனவரி, ஜூலை என இரண்டு பருவம். 4, 8, 12 வாரப் பாடங்கள். 12 வாரம் என்றால் 3 க்ரெடிட். சேர்வது இலவசம், தேர்வுக்குப் பாடம் ஒன்றுக்கு 1,000 ரூபாய். இந்த விலையில் இந்தத் தரம் வேறெங்கும் கிடையாது என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம். பல பாடங்களின் விரிவுரை எழுத்து வடிவம் தமிழிலும் இருக்கிறது. பி.எஸ்சி. தமிழ் வழியில் படித்தவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வீடியோ பார்த்தால் ஆங்கிலச் சொற்கள் மிரட்டாது.

மதிப்பெண் முறை தெரியாமல் நிறையப் பேர் தோற்கிறார்கள். வார அசைன்மெண்டுகளுக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மெண்டுகளின் சராசரி எடுக்கப்படும். தேர்ச்சிக்கு அசைன்மெண்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். வார விடைகள் டெலிகிராம் குழுக்களில் ஓடுகின்றன. அதைப் பார்த்து எழுதி 25க்கு 25 வாங்கியவர், தேர்வில் 28 எடுத்தால் சான்றிதழே கிடையாது. முப்பது எடுத்தாலும் மொத்தம் 55தான். ‘எலைட்’ என்று அச்சாக 60 வேண்டும். நேர்முகத் தேர்வில் இந்தச் சான்றிதழைக் காட்டும்போது எலைட், வெள்ளி, தங்கம் என்ற வரியைத்தான் எதிரே இருப்பவர் முதலில் தேடுவார்.

ஒரு பருவத்தில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். தேர்வு காலை 9 முதல் 12, மதியம் 2 முதல் 5 என்று நடக்கும். பாடத் தேர்வுத் தேதியைச் சேரும்போதே பாருங்கள், இரண்டும் ஒரே நாள் ஒரே வேளையில் விழுந்தால் ஒன்றுக்குக் கட்டிய பணம் போச்சு. தேர்வு கணினி மையத்தில் நேரில்தான். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பெங்களூரு என்று போட்டால் நகரின் எந்த மூலையிலும் மையம் விழலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

எம்.எஸ்சி. வேறிடத்தில் படித்துக்கொண்டிருப்பவர்கள், தங்கள் பல்கலைக்கழகம் ஏற்றால் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம்) மூலம் படித்துச் சேர்த்துக்கொள்ள யுஜிசியின் 2021 விதிமுறை இடம் தருகிறது. துறைத்தலைவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்காமல் இதை நம்பி ஒரு தாளை விட்டுவிடாதீர்கள்.

ஐஐஎஸ்சி தொடர்கல்வி மையத்தின் புரொஃபிசியன்ஸ் படிப்புகள் பெங்களூருக்காரர்களுக்குக் கிடைத்த தனி வசதி. ஆகஸ்டிலும் ஜனவரியிலும் தொடங்கும், வேலை பார்ப்பவர்களுக்கான மாலை நேர வகுப்புகள். பட்டம் இல்லை, சான்றிதழ்தான். எண்முறைக் கணிதம், இயந்திரக் கற்றல் மாதிரி ஒரு துறையை ஆழமாகத் தெரிந்துகொள்ள நினைக்கும் பொறியாளருக்குப் பொருந்தும். டி.ஆர்.பி.காரருக்கு உதவாது.

வெளிநாட்டுப் பட்டங்கள்

தரத்தைப் பற்றி இரண்டாம் பேச்சில்லை. ஜார்ஜியா டெக்கின் ஆன்லைன் கணினி அறிவியல் முதுநிலை 2014இல் தொடங்கியது. 10 பாடம், 30 க்ரெடிட், மொத்தச் செலவு சுமார் 7,000 டாலர். ஒவ்வொரு பருவத்துக்கும் பொதுக் கட்டணம் தனியாக உண்டு என்பதால் பருவத்துக்கு ஒரு பாடம் என்று இழுத்தால் செலவு கூடும். சேர்ந்த முதல் 12 மாதத்துக்குள் இரண்டு அடிப்படைப் பாடங்களில் ‘பி’ எடுத்தாக வேண்டும். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் கோர்செரா என்ற ஆன்லைன் பாடத் தளம் வழியாகத் தரவு அறிவியலில் முதுநிலை தருகிறது. க்ரெடிட்டுக்கு 525 டாலர், 30 க்ரெடிட்டுக்கு 15,750. இங்கே பழைய மார்க் ஷீட் கேட்பதில்லை. நுழைவுப் பாடங்களை எடுத்து ‘பி’ சராசரி காட்டினால் சேர்க்கை. கல்லூரி மதிப்பெண் குறைவாக இருந்து, இப்போது உழைக்கத் தயாராக இருப்பவருக்கு இது உண்மையான இரண்டாம் வாய்ப்பு. அதற்கும் முன்னால் எம்ஐடியின் நிகழ்தகவுப் பாடத்தை எட்எக்ஸ் தளத்தில் இலவசமாகத் திறந்து பாருங்கள்; 16 வாரம், வாரம் 10 முதல் 14 மணி. ஐந்தாவது வாரக் கணக்குகளை உதவி இல்லாமல் போட முடிந்தால் எந்தத் தரவு அறிவியல் முதுநிலையும் உங்களை ஒன்றும் செய்யாது.

ஆனால் இந்தியாவில் இவற்றுக்கு உள்ள நிலையைத் தெரிந்துகொண்டு சேருங்கள். வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை வழங்க யுஜிசி 2025 ஏப்ரலில் கொண்டுவந்த விதிமுறை, நேரில் வகுப்புக்குப் போய்ப் படித்தவற்றைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஆன்லைனில் வாங்கியதை எடுப்பதில்லை. தனியார் கம்பெனியில் வேலை மாறுபவருக்கு இதனால் குறையில்லை. அரசு வேலை, கல்லூரிப் பேராசிரியர் பணி, இங்கே பிஎச்.டி. என்று மனதில் ஓரத்தில் ஆசை இருந்தால்கூட அந்தப் பணத்தை இதில் போட வேண்டாம். டாலரில் கட்டும்போது பல கிரெடிட் கார்டுகள் 2 முதல் 3.5 சதவீதம் மார்க்கப் (வெளிநாட்டுப் பணமாற்றத்துக்கான கூடுதல் கட்டணம்) பிடிக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு. பெரிய தொகையை வங்கி மூலம் அனுப்பினால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கெடு நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதி வையுங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரம் ஞாயிறு இரவு 11:59 என்றால் நமக்குத் திங்கள் காலை. கோடையில் 9:29, குளிர்காலத்தில் 10:29. மாற்றம் நவம்பரிலும் மார்ச்சிலும் வரும். சில பாடங்களில் ‘ஏஓஇ’ என்று போட்டிருப்பார்கள். அது உலகின் கடைசி நேர மண்டலம். ஞாயிறு 11:59 என்றால் நமக்குத் திங்கள் மாலை 5:29.

தனியார் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் எம்.எஸ்சி.

பேச்சில் பாதி டெலிகாலர்தான். அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்களும் இதில் உண்டு, ஆகவே மொத்தமாக ஒதுக்க வேண்டாம். அழைப்பவரிடம் நான்கைக் கேளுங்கள்: பாடத்திட்டத்தின் முழுப் பிடிஎஃப், பழைய வினாத்தாள் ஒன்று, பாடம் நடத்தும் ஆசிரியர்களின் பெயர், மாதிரி அசைன்மெண்ட். கணித எம்.எஸ்சி.யின் வினாத்தாளில் நிறுவுக என்று கேட்கும் கேள்விகள் இல்லாமல் சரியான விடையைத் தேர்ந்தெடு வகையே நிறைந்திருந்தால், அந்தப் படிப்பு நெட் தேர்வுக்குத் தயார் செய்யாது. இன்றைக்குள் கட்டினால் தள்ளுபடி என்று நெருக்குபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில், பல்கலைக்கழகத்தின் பெயரில் மட்டும் கட்டுங்கள். பட்டப் படிப்பை ஃபிரான்சைஸாக வேறு நிறுவனம் நடத்த யுஜிசி விதி இடம் கொடுப்பதில்லை.

வீட்டிலிருந்து எழுதும் தேர்வுகளுக்கு வெப்கேம் கண்காணிப்பு உண்டு. கம்பெனி லேப்டாப்பில் கண்காணிப்பு மென்பொருளை ஏற்ற ஐடி துறை விடாது, ஆகவே சொந்த லேப்டாப் வேண்டும். இரண்டாவது மானிட்டரைக் கழற்றிவிட வேண்டும். மின்சாரம் போனால் லேப்டாப் தாங்கும், வைஃபை ரூட்டர் தாங்காது. ரூட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவுக்குப் பொருந்தும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும். பிஜி விடுதியில் இருவர், மூவர் அறையில் தங்கியிருப்பவர்களுக்குப் பெரிய சிக்கல் ஆட்கள். அறைக்குள் இன்னொருவர் நடந்தாலோ குரல் கேட்டாலோ பதிவில் விழும், விளக்கம் கேட்பார்கள். அறைத்தோழர்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தைத் தேர்வுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். முந்தின வாரமே பயிற்சித் தேர்வை அதே அறையில், அதே மேஜையில், அதே நேரத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.